பார்வைக்கு வைத்த குங்குமம்

மாதிரி எடுப்பது எப்படி என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை பங்காகப் பிரிப்பது, அரக்கு முத்திரையை எங்கே வைப்பது, சாட்சியின் கையொப்பம் எந்த மூலையில் வர வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றில் பாதி எனக்கு மறந்தும் போயிற்று. நான் எழுத ஒப்புக்கொண்டது வேறொன்றைப் பற்றி. மருந்து ஆய்வாளராகப் பணியில் சேருகிறவர்கள், ஒரு பொருளில் நஞ்சு இருந்தால் அதை யாரோ ஒருவன் ஒளித்து வைத்திருப்பான் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். ஒளித்து வைத்தவனைப் பிடிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. எதையும் ஒளிக்காத மனிதர்களோடு மல்லுக்கட்டியே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

எண்பதுகளின் நடுவில் என்னைத் தருமபுரி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அரூரில் வீடு எடுத்து நானும் என் மனைவியும் குடியேறினோம். வந்து பெட்டிகளைப் பிரிப்பதற்குள், அரசு மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. எக்ஸ்ரே படம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு சிறு குழந்தையின் முழங்கால்கள். எலும்பு முனைகளில் வெள்ளைக் கோடு ஓடியது.

"காரீயம்" என்றார். "ரெண்டரை வயசுப் பொண்ணு. வயித்து வலி, ரத்தமே இல்லை, சாப்பிட மாட்டேங்குது. சேலத்துக்கு அனுப்பி ஊசி போட்டு உடம்பிலிருந்து எடுத்தோம். நல்லாயிட்டா. வீட்டுக்குப் போனா. இப்ப மறுபடியும் அதே வலி. எங்கிருந்தோ மறுபடி உள்ளே போகுது. அடுத்த தடவை வலிப்போட தூக்கிட்டு வருவாங்க. அதுக்கப்புறம் அவ உயிரோட இருந்தாலும் முழுசா இருக்க மாட்டா."

எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்? அம்மாக்காரிக்குக் குங்குமக் கடையில வேலை. உங்களுக்கு முன்னால இருந்தவர் அந்தக் குங்குமத்தை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். சுத்தம்னு வந்திடுச்சு. வீட்டுல பெயிண்ட் இல்லை, நாட்டு மருந்து எதுவும் கொடுக்கலைன்னு சத்தியம் பண்றாங்க. அப்ப காரீயம் ஆகாசத்திலிருந்தா விழுது?"

குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றேன். முந்திய நாளே தாய் கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப் போய்விட்டாளாம். ஆடி மாதம். கடையில் கூட்டம். ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு முன்பிருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மாதிரி எடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. குவியலாக இருக்கும் பொருளின் மேற்பரப்பில் தெருப்புழுதி படிந்திருக்கும் என்பதால், மேலே உள்ளதை விலக்கிவிட்டு நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்பது நாம் படித்த பாடம். அவர் அப்படியே செய்தார். ஆய்வகமும் தனக்கு வந்ததை ஒழுங்காகச் சோதித்தது. எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தார்கள். குழந்தை மட்டும் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தது.

கடை, பஸ் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகும் தெருவில் இருந்தது. தார்ப்பாய் கூரை. வாசலில் பலகை மேல் பெரிய பித்தளைத் தாம்பாளம், அதில் என் நெஞ்சுயரத்துக்குக் கோபுரமாகக் கட்டிய குங்குமக் குவியல். கைபடாத வழவழப்பு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. அதன் அருகே ஒரு பெண் உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களுக்கு அடியிலிருந்து கரண்டியால் அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பச்சியம்மா அவள்தான். அவளை ஒட்டி, வெளுத்துப்போன முகத்தோடு குழந்தை, பெயர் வசந்தி, தாயின் முந்தானை முனையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் என்னை அறிமுகம் செய்துகொண்டு, பையிலிருந்த கரண்டியை எடுத்துக் குவியலின் உச்சிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மாணிக்கம் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"மேல கை வெக்காதீங்க சார். அது சரக்கு இல்லீங்க."

"சரக்கு இல்லையென்றால் என்ன?"

"பார்வைங்க. சரக்கு அடியில இருக்குது. போன சாருக்கும் அடியில இருந்துதான் எடுத்துக் குடுத்தேன். நல்ல சரக்காக் குடுத்தேன். உங்களுக்கு மட்டும் மட்டமாவா குடுப்பேன்?"

"மேலே இருப்பது எது?"

"செந்தூரங்க. பக்கத்து இரும்புக் கடையில விக்குது. கேட்டுக்கு, வண்டிப் பட்டைக்கெல்லாம் அடிப்பாங்களே, அந்தப் பொடி. நல்ல கனம். ஆடிக் காத்துல வெறும் குங்குமம் நிக்குதுங்களா? அம்புட்டும் பறந்து எதுத்தாப்ல துணிக்கடைக்காரன் வேட்டி மேல போயி உக்காந்துக்குது. போன வருசம் பஞ்சாயத்தே வெச்சிட்டான். மேல ரெண்டு கை செந்தூரம் தூவித் தட்டிட்டா அசையாதுங்க. கலரும் எடுப்பா இருக்கும்."

அவர் எதையும் மறைக்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை எனக்கு விளக்கிச் சொன்ன பெருமைதான் அவர் முகத்தில் இருந்தது. முன்பு வந்தவர் கேட்டிருந்தால் அவரிடமும் இதே பெருமையோடு சொல்லியிருப்பார்.

இரும்புக்கு அடிக்கும் அந்தச் செந்தூரம் முழுக்க முழுக்கக் காரீயம். முகத்தில் பூசும் எந்தப் பொருளிலும் நிறத்துக்காகக் காரீயம் சேர்க்கக் கூடாது என்பது, மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் பொதுவான நம் சட்டத்தின் பழைய விதிகளுள் ஒன்று. அதைச் சொன்னேன்.

"ஈயமா? ஏனுங்க சார், எங்க வூட்ல ஈயச் சொம்புலதான் ரசம் வெக்கறாங்க. எங்கப்பாரு அதக் குடிச்சிட்டுக் கல்லு மாதிரி இருந்தாரு."

"ரசச் சொம்பு வெள்ளீயம். இது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம்."

"காரீயம்னா கருப்பா இல்ல இருக்கணும்? இது செவப்பா இருக்குதே."

நான் வேதியியலில் பட்ட மேற்படிப்பு படித்தவன். அந்தக் கேள்விக்கு அந்தத் தெருவில் நின்று விடை சொல்ல என்னால் இயலவில்லை. சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் நாங்க விக்கறதே இல்லீங்களே சார்" என்றார்.

அப்போது ஒரு கிழவர் வந்தார். குவியலின் உச்சியை ஆள்காட்டி விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு, "நல்லா இருக்குது, கால் கிலோ கட்டு" என்றார். பச்சியம்மா அடியிலிருந்து அள்ளினாள். விரல் பட்ட பள்ளத்தை உள்ளங்கையால் தடவி மூடினாள். கையை முந்தானையில் துடைத்தாள். குழந்தை நழுவிய முந்தானையை இழுத்து மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டது.

ஆய்வகத்தால் காட்ட முடியாத வழி எனக்கு அங்கே தெரிந்துவிட்டது.

"முந்தானையைக் குழந்தை வாயில் விடாதீங்கம்மா. அதில் விஷம் இருக்கிறது" என்றேன்.

பச்சியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதப் புடுங்கினா அழுவுதுங்க. அழுதா கடையில ஆளு நிக்க மாட்டாங்க."

"வீட்டில் விட்டுவிட்டு வரலாமே?"

"வூட்ல யாருங்க இருக்காங்க? அவரு பெங்களூர்ப் பக்கம் கல்லு ஒடைக்கப் போயிட்டாரு. மாமியாளுக்குக் கண்ணு தெரியாது. வாசல்ல கெணறு, அதுக்குச் சுவரும் கெடையாது."

"ஆடி முடியும் வரை வேலைக்கு வராமல் இருக்க முடியாதா?"

"ஆடியில வராம நான் எப்பங்க வர்றது? குவியல் கட்டத்தான் என்னை வெச்சிருக்காரு. அப்புறம் தையில வந்து நிக்கட்டுமா?"

மாணிக்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மேற்பரப்பிலிருந்து மாதிரி எடுத்து, பிரித்து, முத்திரை வைத்தேன். அந்தக் குவியலை விற்கவோ தொடவோ கூடாது என்று தடை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை போனபோது அதே இடத்தில், அதே உயரத்தில், அதே சிவப்பில் ஒரு குவியல். பச்சியம்மா அதை உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"நேத்து அந்தக் குவியலத் தொடக் கூடாதுன்னீங்க. தொடலீங்களே சார். வந்து பாருங்க, உள்ள சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கேன்." மாணிக்கம் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். மூடித்தான் வைத்திருந்தார். "இது வேற குவியல்."

சட்டப்படி அவர் சொன்னது சரி. என் தடை அந்தக் குவியலுக்கு மட்டுமே. அதற்கும் தடை எழுதினேன். மாலையில் மூன்றாவது குவியல் எழுந்தது. இரும்புக் கடையில் செந்தூரத்துக்குக் குறைவில்லை. இரும்புக்கு அடிக்கும் பொடியை இரும்புக் கடையில் விற்பதைத் தடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. சென்னையிலிருந்து அறிக்கை வரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் ஆடி முடிந்துவிடும். குழந்தையும் முடிந்துவிடக்கூடும்.

தருமபுரிக்குப் போய், அங்கிருந்து சென்னையில் இருந்த என் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவரிடம்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். அவரைப்போல் நேர்மையான ஒருவரைப் பிறகு நான் பார்க்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விற்பனைக்கு இல்லை என்று அவன் நீதிமன்றத்திலும் சொல்வான். வாங்க வருகிறவர்கள் மேலே தொட்டு இட்டுக்கொள்கிறார்கள் என்று சொல்லக்கூடிய சாட்சி உன்னைத் தவிர அந்தப் பெண் ஒருத்திதான். வாக்குமூலம் வாங்கிக்கொள். அதன் பிறகு அவள் இருக்கும் திசையில் போகாதே. ஒரு டம்ளர் காப்பிகூட உன் செலவில் அவள் குடிக்கக் கூடாது. இந்த வழக்கு நின்றால் மாவட்டத்தில் இருக்கிற அத்தனை குவியலும் நின்றுவிடும். ஒரு குழந்தையைப் பார்க்காதே, நூறு குழந்தையைப் பார்."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

பச்சியம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினேன். கேட்டதற்கெல்லாம் உள்ளபடி சொன்னாள். மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். வீட்டில் அலுவலகப் பேச்சை எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று எடுத்தேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மோர் ஊற்றிவிட்டு, "கேஸ் தோத்துப் போனா அப்பீல் உண்டா?" என்றாள்.

"உண்டு."

"அப்ப சரி" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருக்க வேண்டும். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது இடுப்பில் வசந்தி இருந்தாள். என் மனைவியின் முந்தானை முனை அதற்குள் அந்தக் குழந்தையின் வாய்க்குள் போயிருந்தது.

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாயிற்று. காலையில் பச்சியம்மா குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவாள். மாலையில் வந்ததும் கொல்லைக் குழாயடியில் கை கால் முகம் கழுவி, கடைப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, என் மனைவி கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் குழந்தையைத் தொடலாம். "இது என்னாங்கம்மா, தீட்டுக்காரியாட்டம்" என்று முதல் நாள் முனகினாள். "ஆமா, தீட்டுதான். கையைக் காட்டு. நகத்துக்குள்ள பார் எவ்வளவு செவப்பு" என்று என் மனைவி மறுபடியும் குழாயடிக்கு அனுப்பினாள். நான் கூடத்தில் அமர்ந்து கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வழக்கின் ஒரே சாட்சி என் வீட்டுக் கொல்லையில் கை கழுவுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. என் மேலதிகாரிக்கு அதை நானே தெரிவித்தேன். அவர் வாக்குமூலத்தின் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "உன் மனைவியிடம் நான் பேச முடியாது அல்லவா" என்று மட்டும் சொன்னார்.

ஆடி முடிவதற்குள் குழந்தை சாப்பிடத் தொடங்கியது. டாக்டர் அம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

ஆய்வக அறிக்கையும் வந்தது. மேற்பரப்பில் காரீயம் மிகுதி. வழக்குத் தொடர்ந்தோம். அடுத்த ஆண்டு கோடை முடியும் தறுவாயில் விசாரணைக்கு வந்தது.

பச்சியம்மா கூண்டில் ஏறினாள். நீதிமன்றத்துக்கு வருகிறோம் என்று இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் செந்தூரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நல்லா இருக்குதும்மா புடவை. யாரு எடுத்துக் குடுத்தது?"

"இன்ஸ்பெக்டர் வூட்டம்மாங்க" என்றாள், முகம் மலர.

"ஒண்ணுதானா?"

"இல்லீங்க. மாத்துக்கு இன்னொண்ணும் இருக்குது."

"கொழந்த பகல்ல எங்க இருந்துச்சு?"

"அவங்க வூட்லதாங்க. நல்லா வெச்சிக்கிட்டாங்க. முட்டையெல்லாம் குடுத்தாங்க."

என் முறை வந்தது. அவள் சொன்னதெல்லாம் உண்மையா என்று வக்கீல் கேட்டார். உண்மை என்றேன். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவரைப்போல நின்று, "உங்களுக்குக் குழந்தைகள்?" என்று கேட்டார்.

"இல்லை."

"சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு எதையும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளருக்குக் கடமைப்பட்ட சாட்சியை நம்புவதற்கில்லை என்றும், மேற்பூச்சு விற்பனைக்கு வைத்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் தீர்ப்பாயிற்று.

வெளியே வேப்ப மரத்தடியில் நான் பஸ்ஸுக்கு நின்றேன். மாணிக்கம் கூச்சத்தோடு வந்தார்.

"மனசுல வெச்சிக்காதீங்க சார். வக்கீலுங்க அப்பிடித்தான் பேசுவாங்க. பேசறதுக்குத்தானே அவங்களுக்குக் காசு. உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க."

நான் கோப்பைப் பைக்குள் வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாங்களா? ஆடி வருது. காத்து வந்தா நானும் தூவித்தான் ஆவணும், வேற வழி தெரியல. பச்சியம்மா மாதிரி குவியல் கட்ட இந்தப் பக்கம் ஆளு கெடையாது. கொழந்தய இந்த ஆடிக்கும் வெச்சிக்கச் சொல்லி அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

காரீயம் என்றால் என்ன என்று அவருக்கு எட்டு விதமாக எடுத்துச் சொல்லியிருந்தேன். அறிக்கையை அவர் கண் முன்னால் படித்துக் காட்டியிருந்தேன். அவ்வளவுக்குப் பிறகு அவருக்குப் புரிந்தது இதுதான்: குவியல் அருகே குழந்தை இருக்கக் கூடாது. குவியலே இருக்கக் கூடாது என்பது புரியவில்லை. அந்த மரத்தடியில் எனக்குள் எழுந்த சொற்களை இங்கே எழுதுவதற்கில்லை. வாய்விட்டு நான் சொன்னது, "காலையில் எட்டு மணிக்கு மேல் அனுப்பச் சொல்லுங்கள்" என்பதுதான்.

மேல்முறையீட்டுக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பிய கோப்பு திரும்பி வரவில்லை. ஆடிதோறும் நான் தடை எழுதினேன், அவர் வேறு குவியல் கட்டினார். முடிவில் அதை நிறுத்தியது நானோ சட்டமோ அல்ல. பிளாஸ்டிக் உறையில் அடைத்த குங்குமம் வந்தது. பிறகு அட்டையில் ஒட்டிய பொட்டு வந்தது. தாம்பாளத்தில் குவித்த குங்குமத்தை நின்று பார்ப்பார் இல்லாமல் போயிற்று. நமது துறை எதையாவது நிறுத்தியது என்று எங்கேனும் படித்தால், அப்போது வேறு என்ன விற்பனைக்கு வந்தது என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.

வழக்கை இழந்தது சரியா என்று உங்களுள் யாராவது கேட்பீர்கள். நூறு குழந்தைகளைப் பார் என்று சொன்னவருக்கு நான் கடைசிவரை விடை சொல்லவில்லை. விரல் எங்கே படுகிறதோ அங்கிருந்து மாதிரி எடுங்கள் என்று மட்டும் உங்களுக்குச் சொல்ல முடியும். மற்றதை உங்கள் மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

எனக்குச் சேலத்துக்கு மாற்றலான பிறகும், ஆடி பிறந்தால் பச்சியம்மா குழந்தையை அரூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டுப்போனாள். குவியல் நின்றுபோன ஆண்டுகளிலும் விட்டுப்போனாள். ஏன் என்று அவளை நாங்கள் கேட்கவில்லை.

சென்ற தையில் என் மனைவி காலமானாள். உறவினர்கள் கூடியிருந்தார்கள். ஓசூரிலிருந்து வந்த வசந்தி நேராக என் மனைவியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். என் தமக்கை குனிந்து, நீ எந்த வகையில் உறவு அம்மா என்று கேட்டாள்.

"ஆடிக்கு வர்ற பொண்ணுங்க" என்றாள் வசந்தி.

தமக்கை சற்று நகர்ந்து, மகளுக்கான இடத்தை அவளுக்கு விட்டு உட்கார்ந்தாள்.